காற்றுத் தடைக்கு டிக் போட்டதும் பந்துக்கு என்ன ஆகிறது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 'ஃபெட்' (PhET) எறிபொருள் சிமுலேஷனைப் பற்றி, அதாவது எறிந்த பொருள் எப்படிப் பறக்கும் என்று கணினியில் காட்டும் மாதிரியைப் பற்றி, ஒரு பக்கம் எழுதியிருந்தேன். திரையில் ஒரு பீரங்கி இருக்கும். பூசணிக்காய், பியானோ, கோல்ஃப் பந்து, கார் என்று எதை வேண்டுமானாலும் அதில் வைத்துச் சுடலாம். கோணம், வேகம், பீரங்கியின் உயரம், புவியீர்ப்பு எல்லாமே நம் கையில். 'காற்றுத் தடை' என்ற சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் அதுவரை அழகாக விழுந்த பாதை அப்படியே மாறிப்போகும். அந்த டிக்கைப் பற்றித்தான் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேசின, அதனால் இந்த இதழின் கேள்வி பதில் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

காற்றுத் தடை இல்லாமல் 92 மீட்டர் போன பந்து, டிக் போட்டதும் அறுபத்துச் சொச்சத்தில் விழுகிறது. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது! ஆனால் எங்கள் புத்தகம் 'காற்றுத் தடை புறக்கணிக்கத்தக்கது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அப்படியானால் நாங்கள் படிப்பது தவறா?
– பிளஸ் ஒன் மாணவி, தென்காசி

தவறு இல்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்து நீங்கள் நின்று யோசித்ததே பெரிய விஷயம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைக் கடந்துபோய் நேராகச் சூத்திரத்துக்குள் குதித்துவிடுகிறோம். புறக்கணிக்கலாமா கூடாதா என்பதைப் புத்தகம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பொருளின் மேல் காற்று கொடுக்கும் எதிர்விசை அதன் எடையில் எத்தனை பங்கு? கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான்.

நானும் கிரிக்கெட் பந்துக்கு ஏற்றபடி வைத்துக் கணக்குப் போட்டேன். நிறை 160 கிராம், விட்டம் 7.2 சென்டிமீட்டர், இழுவைக் குணகம் (வடிவத்தைப் பொறுத்துக் காற்று எவ்வளவு பிடித்து இழுக்கும் என்று காட்டும் எண்) 0.45. காற்று கொடுக்கும் இழுவிசை எவ்வளவு என்றால், காற்றின் அடர்த்தியில் பாதி, பந்தின் குறுக்குப் பரப்பு, இழுவைக் குணகம், வேகத்தின் வர்க்கம், இந்த நான்கையும் பெருக்கினால் வருவது. வேகத்தின் வர்க்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். இந்தப் பந்துக்கு வினாடிக்கு 38 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 136 கி.மீ. வாக்கில், இழுவிசையும் எடையும் சமமாகிவிடுகின்றன. ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளர் பந்தைக் கையிலிருந்து விடும் அந்தக் கணத்தில், புவி அதைக் கீழே இழுப்பதற்கு நிகராகக் காற்று அதைப் பின்னால் இழுக்கிறது. இதைப் 'புறக்கணிக்கத்தக்கது' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வினாடிக்கு 30 மீட்டரில், 45 டிகிரியில் விட்டால் தடை எடையில் ஏறத்தாழ 60 சதவீதம். அதனால்தான் 92 மீட்டர் 63 ஆகிறது. அதே பந்தை ஒரு தோழிக்கு வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் மெதுவாகத் தூக்கிப் போடுங்கள், தடை எடையில் 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும், அங்கே உங்கள் புத்தகம் சொல்வது நன்றாகவே பொருந்தும். ஆக, பந்து அதேதான், வேகத்தைப் பொறுத்துப் புறக்கணிக்கலாம், அல்லது கூடாது.

பாதையின் வடிவத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். தடை இல்லாதபோது ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி இருக்கும். தடை இருந்தால் உச்சி நடுவைத் தாண்டிப் போய்விடும். மேலே சொன்ன பந்துக்கு உச்சி 34 மீட்டர் வாக்கில் வருகிறது, 63-இல் பாதி என்று பார்த்தால் 31.5-இல் வந்திருக்க வேண்டும். 45 டிகிரியில் ஏறிய பந்து 54 டிகிரிச் சரிவில் இறங்குகிறது. பவுண்டரிக் கோட்டில் நின்று உயரமான கேட்ச் பிடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பந்து கடைசியில் 'தொப்'பென்று தலைக்கு மேலிருந்து விழுகிற மாதிரி இருக்கும் என்பார்கள். அது பிரமை கிடையாது.

தடை இல்லாதபோது வரும் அந்தச் சீரான வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். பரவளையப் பாதையை 1638-இல் எழுதிவைத்த கலிலியோவுக்கும் இது தெரிந்தே இருந்தது. துப்பாக்கிக் குண்டு மாதிரியான அசுர வேகங்களுக்குத் தன் கணக்கு ஒத்துவராது என்று அவரே ஒதுக்கி வைத்தார். அந்தத் தடையின் அளவை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தொங்கவிட்ட ஒரு கனமான பலகையில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு ஊசலாடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். 1742-இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, துப்பாக்கிக் குண்டின் மேல் காற்றின் தடை அதன் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதுவரை பரவளையத்தை நம்பி, எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு எங்கே விழும் என்று அட்டவணை போட்டவர்கள் அசந்துபோனார்கள்.

தேர்வில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் காற்றுத் தடை வேண்டாம் என்று இருந்தால் பரவளையம்தான், சந்தேகமே வேண்டாம்.

கணினி அறையில் இதைத் திறந்து கொடுத்தால் பிள்ளைகள் காரையும் மனிதனையும் பீரங்கியில் வைத்துச் சுட்டுச் சிரிப்பதோடு சரி. படிப்பு எங்கே நடக்கிறது?
– இயற்பியல் ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

முதல் ஐந்து நிமிடம் சுடட்டும் ஐயா, தடுக்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எந்தக் கைப்பிடி எதை மாற்றுகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்காமலேயே கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

அதற்கப்புறம் ஒரே ஒரு விதி வையுங்கள்: முதலில் தாளில் எழுது, பிறகு சுடு. பீரங்கியைத் தரைமட்டத்துக்கு இறக்கி, காற்றை அணைத்து, 30 டிகிரியில் சுட்டு எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். பிறகு 60 டிகிரிக்கு எங்கே விழும் என்று ஒவ்வொருவரும் எழுதிவைக்க வேண்டும். 'இரண்டு மடங்கு தூரம்' என்று எழுதுவார்கள், 'பாதிதான்' என்பார்கள், வாக்குவாதம் வரும். சுட்டால் இரண்டும் ஒரே இடத்தில் விழும். அந்த நொடியில் வகுப்பில் எழும் சத்தத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு கரும்பலகையில் நீங்கள் எழுதும் நிரூபணத்துக்கு ஒரு தேவை வந்துவிடுகிறது. அடுத்து காற்றுத் தடைக்கு டிக் போடச் சொல்லுங்கள். இப்போதும் 30-உம் 60-உம் ஒரே இடமா? இல்லை, 60 டிகிரியில் போனது பின்தங்கும், அதிக நேரம் காற்றில் இருப்பதால் அதன் கிடைமட்ட வேகத்தை இழக்க அதிக நேரம் கிடைக்கிறது. ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

இதை உருவாக்கிய குழுவும் விளையாட்டாக ஆரம்பிக்கவில்லை. 2001-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். எல்லாம் இலவசம். ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், நெட் வராத பள்ளிகளுக்கு அது பெரிய உதவி.

காற்று இல்லாதபோது பூசணிக்காயும் பியானோவும் ஒரே இடத்தில் விழுகின்றன. காற்று வந்ததும் பியானோ முந்துகிறது. கனமான பொருள் முந்தும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை நாம்தான் கேலி செய்துகொண்டிருக்கிறோமோ?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மதுரை

நல்ல கேள்வி. காற்றுக்குப் பொருளின் நிறை தெரியாது, அதன் வடிவம், பருமன், வேகம் இவ்வளவுதான் தெரியும். ஒரே அளவுள்ள இரண்டு பந்துகள், ஒன்று மரம், ஒன்று இரும்பு. ஒரே வேகத்தில் இரண்டின் மேலும் ஒரே தடைதான். ஆனால் அந்தத் தடை இரும்புப் பந்தை மெதுவாக்க முயலும்போது நிறைய நிறையை மெதுவாக்க வேண்டியிருக்கிறது, அதனால் பலன் குறைவு. ஈ மொய்க்கும் அதே விசையில் எருமையைத் தள்ள முடியாது அல்லவா!

பியானோ விஷயத்தில் இன்னொன்றும் கலந்திருக்கிறது, அது பூசணியைவிட உருவத்திலும் பெரியது. பெரிதாக இருப்பதால் தடையும் கூடத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பொருளை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் காற்றில் படும் பரப்பு நான்கு மடங்கும் நிறை எட்டு மடங்கும் ஆகும், நிறைதான் ஜெயிக்கும். மழைத்துளி தலையில் பட்டுத் தெறிப்பதும், அதே தண்ணீர் பனிமூட்டத்தில் மிதப்பதும் இதனால்தான். அரிஸ்டாட்டில் கண்ணால் பார்த்ததில் உண்மை இருந்தது. அதற்குக் காரணம் காற்று என்று பிரித்துக் காட்டுவதற்கு அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்றபடி ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறின் இறகையும் ஒரே நேரத்தில் விட்டார், இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

நான் மாவட்ட அளவில் குண்டு எறிதல் (ஷாட்புட்) போட்டிகளில் கலந்துகொள்கிறேன். கோச் 38, 40 டிகிரியில் விடச் சொல்கிறார். அண்ணன் 45 தான் சரி, புத்தகத்தில் இருக்கிறது என்கிறான். காற்றுத் தடையால்தான் கோணம் குறைகிறதா?
– பத்தாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

இல்லை தம்பி, உங்கள் விஷயத்தில் காற்றுக்கு வேலையே இல்லை. ஆண்களுக்கான 7.26 கிலோ குண்டு வினாடிக்கு 14 மீட்டரில் கிளம்பினால் காற்றின் தடை அதன் எடையில் ஒரு சதவீதம்கூட வராது. இங்கே புத்தகம் சொல்வது போலப் புறக்கணித்துவிடலாம்.

காரணம் இரண்டு. முதலாவதை நீங்களே திரையில் பார்க்கலாம். குண்டு தரையிலிருந்து கிளம்புவதில்லை, தோளுக்கு மேலே ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்புகிறது. பீரங்கியை 2 மீட்டர் உயர்த்தி, வேகத்தை 14-இல் வைத்து, கோணத்தை மட்டும் ஒவ்வொரு டிகிரியாக மாற்றிப் பாருங்கள், அதிக தூரம் 42 டிகிரியை ஒட்டி வரும், 21.9 மீட்டர். 45 என்பது கிளம்பும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் மட்டுமே.

இரண்டாவது காரணத்தைப் பீரங்கியால் காட்ட முடியாது. பீரங்கி எந்தக் கோணத்திலும் ஒரே வேகத்தில் சுடும், மனித உடம்பு அப்படி இல்லை. செங்குத்தாகத் தள்ளத் தள்ளப் புவியீர்ப்பையும் எதிர்த்துத் தள்ள வேண்டும், தோளும் மார்பும் சேர்ந்து கொடுக்கும் பலமும் குறையும், அதனால் கோணம் கூடினால் வேகம் இறங்கும். கணக்கைப் பாருங்கள்: 14 மீட்டர் வேகத்தில் 42-ஐ விட்டு 38 டிகிரிக்கு வந்தால் இழப்பது 20 சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் 38-இல் உங்களால் 14.5 வேகம் கொடுக்க முடிந்தால் குண்டு 23.1 மீட்டர் போகும். அரை மீட்டர் வேகத்துக்கு ஒன்றே கால் மீட்டர் லாபம். கோச் சொல்வதைக் கேளுங்கள். அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வான்.

இறகுப்பந்துக்கு இந்தச் சிமுலேஷன் பொருந்துமா? ஸ்மாஷ் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் என்கிறார்கள், அவ்வளவு வேகத்தில் வருவதை எப்படித் திருப்பி அடிக்கிறார்கள்?
– பேட்மின்டன் ரசிகர், கோயம்புத்தூர்

எனக்கு மிகவும் பிடித்த எறிபொருள் இதுதான். 2023-இல் நம் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸில் பதிவானது. அது ராக்கெட்டை விட்டுக் கிளம்பிய உடனே அளந்த வேகம். ஷட்டிலின் எடை 5 கிராம்தான், பாவாடை மாதிரி விரிந்த இறகுகள் காற்றை அள்ளிப் பிடிக்கின்றன. மேலிருந்து சும்மா விழவிட்டால் வினாடிக்கு 7 மீட்டருக்குள்ளேயே அதன் முற்றுத் திசைவேகம் வந்துவிடும், அதற்கு மேல் வேகம் கூடாது. இப்போது நம் பழைய கேள்வியைக் கேளுங்கள். 565 கி.மீ. வேகத்தில் தடை எடையைப் போல எத்தனை மடங்கு? தோராயமாக 500 மடங்கு!

இதனால் மூன்று, மூன்றரை மீட்டர் போவதற்குள் வேகம் பாதியாகிறது, அடுத்த மூன்றரைக்குள் அதிலும் பாதி. 10 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் வரும்போது மணிக்கு 70 கி.மீ. அளவுக்கு வந்துவிடும். அதுவும் சாதாரணமில்லை, ஆனால் திருப்பி அடிக்கக்கூடிய வேகம்.

அடுத்து அதன் பாதை. ஷட்டிலை உயரமாகப் பின்கோட்டுக்கு அடித்தால் சாய்வாக ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறும், சட்டென்று வளையும், பிறகு நேர்கீழாக இறங்கும். 1537-இல் இத்தாலியில் டார்ட்டாலியா என்ற கணித அறிஞர் பீரங்கிக் குண்டின் பாதையை இப்படித்தான் வரைந்தார், ஒரு நேர்கோடு, ஒரு வில், பிறகு செங்குத்துக் கோடு. பரவளையம் வந்த பிறகு அந்தப் படத்தை அறியாமை என்று தள்ளிவைத்தோம். இழுவைக் குணகத்தையும் விட்டத்தையும் கூட்டி, நிறையைக் குறைத்து, வேகத்தை உச்சத்தில் வைத்துச் சுட்டுப் பாருங்கள், டார்ட்டாலியாவின் படம் உங்கள் திரையில் வரும்.

காற்றுத் தடையோடு சேர்த்துத் தூரம் கண்டுபிடிக்கச் சூத்திரம் தேடினேன், கிடைக்கவில்லை. அப்படியானால் கணினி எப்படி வரைகிறது?
– பொறியியல் முதலாண்டு மாணவர், திருச்சி

சூத்திரம் கிடைக்காதது உங்கள் தேடலின் குறை இல்லை. தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வைத்துவிட்டால், காற்று இல்லாதபோது கிடைப்பது போல ஒரே வரியில் அடங்கும் விடை கிடையாது. கிடைமட்ட இயக்கமும் செங்குத்து இயக்கமும் இனி தனித்தனி இல்லை, ஒன்றின் வேகம் மற்றதன் தடையைக் கூட்டுகிறது, இரண்டையும் பிரித்து எழுத முடியாது.

அப்புறம் என்ன வழி? சின்னச் சின்ன அடியாக நடப்பதுதான். இதை நீங்கள் எக்செல்லில் இன்றைக்கே செய்யலாம். மேலே சொன்ன கிரிக்கெட் பந்தையே எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் வேகம், 45 டிகிரி, அதாவது கிடைமட்டமாக 21.2, செங்குத்தாக 21.2. இந்தப் பந்துக்கு வேகத்தின் வர்க்கத்தை 0.0069-ஆல் பெருக்கினால் தடை தரும் எதிர்முடுக்கம் வரும்: 900-க்கு 6.2. அதை இரண்டு திசைக்கும் பிரித்தால் ஆளுக்கு 4.4. இப்போது 0.1 வினாடி நகருங்கள். கிடைமட்ட வேகம் 0.44 குறைந்து 20.8. செங்குத்து வேகத்தில் புவியீர்ப்பின் 9.8-உம் சேர்ந்து 1.42 குறைகிறது, 19.8. நகர்ந்த தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வேகங்களிலிருந்து மொத்த வேகத்தை மறுபடி கண்டுபிடியுங்கள், தடையும் மாறியிருக்கும், அதை வைத்து அடுத்த 0.1 வினாடி. ஒரு வரி எழுதிக் கீழே இழுத்துவிட்டால் நாற்பது வரிக்குள் பந்து தரைக்கு வந்துவிடும். படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள், விடை கொஞ்சம் நகரும், இன்னும் பாதியாக்கினால் இன்னும் கொஞ்சம்தான் நகரும், நகர்வது நின்றுபோனால் அதை நம்பலாம். சிமுலேஷனுக்குள்ளேயும் இந்த மாதிரி அடியெடுத்து வைக்கும் கணக்குதான் நடக்கிறது.

கணினி பிறந்ததிலேயே இந்தக் கணக்குக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி அட்டவணைகளுக்காக இளம்பெண்கள் பலர் மேசைக் கணக்குப்பொறிகளோடு உட்கார்ந்து இதே அடிகளைக் கையால் போட்டார்கள், ஒரு குண்டின் ஒரே ஒரு பாதைக்கு நாள் கணக்கில் வேலை. அந்தச் சுமையைக் குறைக்கத்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற மின்னணுக் கணினி கட்டப்பட்டது. 1946 பிப்ரவரியில் அது வெளியுலகுக்குக் காட்டப்பட்டபோது, குண்டு பறக்கும் நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் அதன் பாதையைக் கணக்கிட்டது. அதற்கு நிரல் அமைத்த முதல் ஆறு பேரும் பெண்கள், கையால் கணக்குப் போட்டவர்களிலிருந்தே தேர்வானவர்கள். உங்கள் போனில் ஓடும் சிமுலேஷன் அந்த வழியில் வந்தது என்பதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

பெங்களூரில் சிக்ஸர் எளிது, சென்னையின் ஈரக்காற்று கனமானது, பந்து நின்றுவிடுகிறது என்கிறார்களே?
– கடை உரிமையாளர், ஓசூர்

முதல் பாதி சரி. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், அங்கே காற்றின் அடர்த்தி 8 சதவீதம் அளவு குறைவு, 60, 70 மீட்டர் போகும் பந்துக்கு ஓரிரு மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். எல்லைக் கோட்டில் அது கேட்சுக்கும் சிக்ஸருக்கும் உள்ள வித்தியாசம்தான். சிமுலேஷனில் உயரத்துக்கென்று ஒரு கைப்பிடி இருக்கிறது, 5000 மீட்டர் வரை ஏற்றிப் பாருங்கள், அங்கே காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான்.

இரண்டாவது பாதி தலைகீழ். ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசானது, நீராவியின் மூலக்கூறு நைட்ரஜன், ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. நமக்குப் புழுக்கமாக, கனமாகத் தோன்றுவது வியர்வை உலராததால்.

உயரத்தை வைத்து மனிதர்கள் செய்த கொடூரமான கணக்கும் ஒன்று உண்டு. 1918-இல் ஜெர்மானியர்கள் 120 கிலோமீட்டர் தள்ளியிருந்து பாரிஸ் நகரத்தைச் சுட்டார்கள். பீரங்கியின் கோணம் 45 இல்லை, 50-க்கும் மேல். காற்று இருந்தால் கோணம் 45-க்குக் கீழேதான் இறங்க வேண்டும் என்று படித்திருக்கிறோம், ஆனால் அந்தக் குண்டு சீக்கிரமாகக் காற்று மெலிந்த உயரத்துக்குப் போய்விட்டால் அங்கே தடையே இல்லாத மாதிரி பறந்துவிடும், பயணத்தில் பெரும்பகுதி அப்படித்தான் போனது.

காற்று எப்போதும் தூரத்தைக் குறைக்கத்தான் செய்யுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இந்தச் சிமுலேஷனுக்குள் ஆம், வெளியே இல்லை. இதில் காற்று பின்னால் மட்டுமே இழுக்கும், மேலே தூக்காது, பந்து சுழலாது, எதிர்க்காற்றும் வீசாது. நிஜக் கோல்ஃப் பந்து பின்சுழற்சியோடு கிளம்புகிறது, அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ளிப் பந்தை மேலே தூக்குகிறது. வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் 11 டிகிரியில் கிளம்பும் பந்து, காற்றே இல்லாவிட்டால் 215 மீட்டர் அளவு போகும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடிப்பது காற்றுக்குள்ளேயே 250 மீட்டரை ஒட்டிப் பறக்கிறது.

ஈட்டியும் அப்படித்தான், காற்றில் சறுக்கிப் போகும். 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்துவிட்டார், மைதானத்தில் மற்றவர்களுக்கு ஆபத்து என்று ஆகிவிட்டது. 1986-இல் ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி, மூக்கு முன்னதாகவே கீழே சாயும்படி மாற்றினார்கள். நம் நீரஜ் சோப்ரா 2025-இல் தோஹாவில் எறிந்த 90.23 மீட்டர் இந்தப் புதிய ஈட்டியில் வந்தது, அதனால் அதை ஹோனின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

காற்றை அணைத்துவிட்டால் விண்வெளி மாதிரி மிதக்க வேண்டாமா? ஏன் விழுகிறது?
– ஏழாம் வகுப்பு மாணவி, சேலம்

காற்று வேறு, ஈர்ப்பு வேறு கண்ணு. நிலவில் காற்று இல்லை, ஆனாலும் பந்து விழும், மெதுவாக விழும். சிமுலேஷனிலும் ஈர்ப்புக்கென்று தனிக் கைப்பிடி இருக்கிறது. பூமியில் 9.8 என்று இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் நிலவில் 1.62 தான், அங்கே 30 மீட்டர் வேகத்தில் 45 டிகிரியில் சுட்டால் பந்து 555 மீட்டர் போகும்.

நேர்மேலே எறிந்த பந்து ஏறுவதற்கு அதிக நேரம் எடுக்குமா, இறங்குவதற்கா? வீட்டில் மூன்று நாளாகச் சண்டை.
– ஒரு குடும்பம், நாகர்கோவில்

காற்று இல்லாவிட்டால் இரண்டும் சமம். காற்று இருந்தால் இறங்கத்தான் அதிக நேரம். ஒரே உயரத்தில் ஏறும்போது இருந்த வேகத்தையும் இறங்கும்போது இருக்கும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் காற்றோடு உரசி ஆற்றலை இழந்துவிட்டதால், இறங்கும் வேகம் எப்போதும் குறைவாகவே இருக்கும். வழியெல்லாம் மெதுவாகப் போனால் நேரம் கூடத்தானே வேண்டும். நம் கிரிக்கெட் பந்தை வினாடிக்கு 30 மீட்டரில் நேர்மேலே விட்டால் 2.6 வினாடி ஏறும், 2.8 வினாடி இறங்கும். 46 மீட்டர் போக வேண்டியது 36 மீட்டரிலேயே நின்று திரும்பிவிடும். மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் கிளம்பியது கைக்கு வரும்போது 85.

0.2 வினாடி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. போனில் ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்து, அடிபடாத மாதிரி டேபிள் டென்னிஸ் பந்தை வைத்து முயலுங்கள், அதற்கு வித்தியாசம் இன்னும் அதிகம். ஏறும் படச்சட்டங்களையும் இறங்கும் படச்சட்டங்களையும் தனித்தனியாக எண்ணி எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.